கிளைத்த லிகண்ட் பரப்புக்கவர் பொருட்கள்

கிளைத்த லிகண்ட் பரப்புக்கவர் பொருள் என்பது, ஒரே இணைப்புப் புள்ளியிலிருந்து மரக்கிளை போலப் பிரியும் பல பற்றுமுனைகளைக் கொண்ட மூலக்கூறுகள் பிணைக்கப்பட்ட நுண்துளை மணிகளைக் குறிக்கும். கலவையிலிருந்து குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துவைத்துப் பின்னர் விடுவிக்கும் நாட்ட நிறப்பிரிகையில் (அஃபினிட்டி குரோமட்டோகிராபி) இவை பயன்படுகின்றன. இம்முறைக்கு அப்பெயரை 1968இல் குவாட்ரெகாசசு, வில்செக், ஆன்ஃபின்சன் ஆகியோர் வழங்கினர்.

பின்னணி

பிறபொருளெதிரி மருந்துகளைத் தூய்மையாக்க இன்று பெரிதும் பயன்படும் லிகண்ட், ஸ்டெஃபைலோகாக்கசு ஆரியசு பாக்டீரியாவில் காணப்படும் புரதம் ஏ ஆகும். இதன் தெரிவுத்திறன் மிக உயர்ந்தது, விலையும் அப்படியே. தானும் ஒரு புரதம் என்பதால் வளர்ப்பூடகத்திலுள்ள நொதிகள் இதனைச் சிதைக்கலாம்; குழாயைத் துப்புரவாக்கும் சோடியம் ஐதராக்சைடும் இதன் இயற்கை வடிவத்தைப் பாதிக்கும். எனவே சிறிய செயற்கை மூலக்கூறுகளால் அதே வேலையைச் செய்விக்க முயன்றனர். ஆனால் சிறிய மூலக்கூறு தனித்து நின்றால் அதன் பிடி பெரும்பாலும் தளர்ச்சியானது. கிளைத்தல் இக்குறையை ஈடுசெய்யும் ஒரு வழி.

1996இல் ஃபசினாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட பெப்டைடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்ஜினின், திரியோனின், டைரோசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களின் தொடர் நான்கு படிகளாக லைசின் மையத்தில் கோக்கப்பட்டுள்ளது. லைசினுக்கு ஒரு கார்பாக்சில் தொகுதியும் இரண்டு அமினோ தொகுதிகளும் உண்டு; ஆகவே ஒரு லைசின் இரண்டு கிளைகளையும், அவற்றின் மேல் அமரும் மேலும் இரண்டு லைசின்கள் நான்கு கிளைகளையும் தருகின்றன. பின்னர் இதே பெப்டைடு வலம்புரி (டி-வகை) அமினோ அமிலங்களாலும் ஆக்கப்பட்டது. புரதம் சிதைக்கும் நொதிகளால் அதனை எளிதில் வெட்ட இயலாது.

எவ்வளவு இறுக்கம் தேவை?

லிட்டருக்கு 1 கிராம் பிறபொருளெதிரி (மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 1,50,000) கொண்ட கரைசலின் செறிவு 6.7 மைக்ரோமோலார். லாங்முயர் சமன்பாட்டின்படி, பிரிகை மாறிலி 10 மைக்ரோமோலாராயின் பற்றிடங்களில் 40 விழுக்காடே நிரம்பும். 1 ஆயின் 87 விழுக்காடு, 0.1 ஆயின் 98 விழுக்காட்டிற்கும் மேல். முதல் பத்து மடங்கு இறுக்கத்தால் கொள்ளளவு இரட்டிப்பாகிறது. அடுத்த பத்து மடங்கால் கிடைப்பது சொற்பம். ஆனால் புரதத்தை விடுவிக்க அதிக அமிலத்தன்மை தேவைப்படும், அதில் பிறபொருளெதிரிகள் திரண்டு கெடவும் கூடும். இறுக்கம் கூடக்கூட நல்லது என்ற எண்ணம் இத்துறையில் பலரை வழிதவறச் செய்கிறது.

கிளைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் புரதத்தைப் பற்றுவதாகவும் கருதக்கூடாது. பிறபொருளெதிரியில் புரதம் ஏ பற்றும் இடங்கள் இரண்டு, கனச் சங்கிலிக்கு ஒன்றாக உள்ளன. குட்டையான கிளைகள் இரண்டையும் ஒருங்கே எட்டுவது அரிது. ஒரு கிளையிலிருந்து நழுவிய புரதம் விலகிச் செல்லுமுன் பக்கத்துக் கிளையில் மீண்டும் பிடிபடுவதும் பயனில் ஒரு பங்கு.

வடிவமைப்புச் சிக்கல்கள்

கிளைகளைப் பெருக்குவதற்கு எல்லை உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் முனைகள் 2, 4, 8, 16 என இரட்டிக்கின்றன. புரதமோ ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமானது. ஒன்று அமர்ந்தவுடன் அதனடியிலுள்ள முனைகள் மறைந்துவிடும். நெரிசல் மிகுந்தால் மணியின் துளைவாயில்களும் குறுகும். மணிக்கும் லிகண்டுக்கும் இடையே ஆறு கார்பன் நீளமுள்ள இடைச்சங்கிலி வைப்பது பழைய, இன்றும் பயன்தரும் உத்தி.

வினைபுரியாது எஞ்சும் அமினோ தொகுதிகள் அதைவிடத் தொல்லையானவை. அவை நேர்மின்சுமை ஏற்று, டி.என்.ஏ.வையும் விருந்தோம்பிச் செல்லின் அமிலத்தன்மையுள்ள புரதங்களையும் இழுத்துக்கொள்ளும். அசிட்டிக் நீரிலியால் அவற்றை மூடிவிடுவது வழக்கம்.

ஒற்றைப் புள்ளி இணைப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அப்பிணைப்பு அறுந்தால் ஒரு முனைக்குப் பதில் நான்கும் சேர்ந்தே மருந்தில் கலந்துவிடும். சயனோசன் புரோமைடால் தூண்டப்பட்ட அகரோசில் உருவாகும் ஐசோயூரியா பிணைப்பு மெல்லக் கசியக்கூடியது. எப்பாக்சி வழி உருவாகும் ஈதர் அல்லது அமீன் பிணைப்புகள் காரத்தையும் நன்கு தாங்குகின்றன. ஆதலால் புதிய பொருளொன்றை மதிப்பிடும்போது முதல் நாள் கொள்ளளவை மட்டும் பாராமல், கார நீரால் பலமுறை கழுவிய பின் எஞ்சும் கொள்ளளவையும் வெளிவரும் புரதத்தில் கலந்துள்ள லிகண்டின் அளவையும் அளக்கவேண்டும்.