இரண்டு பூட்டுப் போட்ட விதை

விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் முளை கட்டிவிடும். அவரை விதைத்தால் ஒரு வாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டும். இந்தக் கணக்கில் பழகிய நமக்கு யூ மரத்தின் விதை விளங்காத புதிர். இலையுதிர் காலத்தில் விதைத்தால் அடுத்த வசந்தத்தில் ஒன்றும் வராது. அதற்கும் அடுத்த வசந்தத்தில்தான், ஏறக்குறைய பதினெட்டு மாதம் கழித்து, முளை வெளியே வரும். சில விதைகள் இன்னும் ஓராண்டு படுத்துக் கிடக்கும். விதை செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடுகிறவர்கள், உயிருள்ள விதையைத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

யூ, ஐரோப்பாவின் ஊசியிலை மரம். ஊசியிலை மரங்களுக்குரிய கூம்புக் காய் இதற்குக் கிடையாது. பெண் மரத்தில், ஒற்றை விதையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு சதைக் கிண்ணம் வளர்கிறது. உறைபனி, நிழல், சுண்ணாம்பு மண் எல்லாவற்றையும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் தாங்காது. ஆண்டு முழுதும் பச்சை மாறாமல், அடர்ந்து நிற்கும் இந்த மரத்தை இங்கிலாந்தில் பல நூறு ஆண்டுகளாக உயிர்வேலியாக வளர்த்துவருகிறார்கள். சைரன்செஸ்டர் நகரில் ஒரு மாளிகையின் முன் வளைந்து நிற்கும் யூ வேலி 1720 வாக்கில் நட்டது. இன்று அதன் உயரம் சுமார் 40 அடி. ஆண்டுதோறும் இயந்திர ஏணியில் ஏறிக் கத்தரிக்கிறார்கள்.

விதை ஏன் இவ்வளவு காலம் உறங்குகிறது? பழுத்து விழும்போது அதற்குள் இருக்கும் கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. அதோடு, முளைப்பதைத் தடுக்கும் ஆப்சிசிக் அமிலமும் உள்ளே நிறைய இருக்கிறது. வெதுவெதுப்பான ஈரத்தில் சில மாதம் இருந்தால்தான் கரு வளரும், அமிலமும் குறையும். இது முதல் பூட்டு. அது திறந்த பிறகு குளிர்காலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும். இது இரண்டாவது பூட்டு. இலையுதிர் காலத்தில் மண்ணில் விழும் விதைக்கு முதலில் வருவது குளிர். அந்தக் குளிர் வீண். பின்னால் வரும் கோடைதான் முதல் பூட்டைத் திறக்கிறது, அடுத்த குளிர்காலம் இரண்டாவதை. பதினெட்டு மாதக் கணக்கு இப்படி வந்ததுதான். அரைகுறையாக வளர்ந்த கரு, தப்பித் தவறிக் குளிர்காலத்தின் வாசலில் முளைத்துவிட்டால் உறைந்து செத்துப்போகும். உறக்கம்தான் அதன் காவல்.

தோட்டக்காரர் இந்தப் பருவங்களைத் தாமே உண்டாக்கிக் கொடுக்கலாம். சிவந்த பழங்களைத் தண்ணீரில் பிசைந்து சதையைக் கழுவி எடுத்துவிட வேண்டும். விதையை ஈர மணலோடு கலந்து பையில் கட்டி, 20 டிகிரி செல்சியஸ் அளவுள்ள அறையில் நான்கு மாதம். பிறகு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் மூன்று நான்கு மாதம். மணல் பிழிந்தால் சொட்டக் கூடாது, காயவும் கூடாது. அதன் பிறகு விதைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். சில விதைகள் அப்போதும் பிடிவாதம் பிடிக்கும். இந்த வேலைக்கு மனமில்லாதவர்கள் தொட்டியில் விதைத்து, எலி தோண்டாதபடி கம்பிவலை போட்டு மூடி, வெளியே வைத்துவிட்டு, அதைக் கிளறாமல் இருந்தாலே போதும். முளைத்த கன்று முதலாண்டில் சில சென்டிமீட்டர்தான் உயரும். இரண்டு மூன்று ஆண்டு நாற்றங்காலில் வளர்த்து, அரை மீட்டருக்கு ஒன்றாக நட்டால், வேர் பிடித்தபின் ஆண்டுக்கு 20 முதல் 30 செ.மீ. வளரும். ஆளுயர வேலிக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

கிளுவைப் போத்தை ஊன்றியே வேலி கட்டும் கொங்கு நாட்டுக்காரர், யூ மரத்துக்கும் அதையே செய்தால் என்ன என்று கேட்கக்கூடும். செய்கிறார்கள். பல நாற்றுப்பண்ணைகள் போத்துகளைத்தான் வேர்பிடிக்க வைக்கின்றன; கன்றுகள் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே வேகத்தில் வளரும். ஆனால் பக்கக் கிளையில் வெட்டிய போத்து, தான் கிளை என்பதை எளிதில் மறக்காது. நெடுங்காலம் பக்கவாட்டிலேயே சாய்ந்து வளரும். விதைக் கன்று முதல் நாளிலிருந்தே நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு கன்றும் தனி ஆள் என்பதால் நோய் ஒன்று நுழைந்தாலும் வேலி மொத்தமும் ஒன்றுபோல விழாது. வேலியின் பச்சையில் அங்கங்கே சாயல் மாறித் தெரியும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில், வெவ்வேறு இடங்களிலுள்ள பழமையான யூ மரங்களின் வாரிசுகளைச் சேர்த்தே ஒரு வேலி வளர்க்கிறார்கள். மரபணுக்களின் சேமிப்புக் கிடங்கே அங்கு வேலியாக நிற்கிறது.

அவசரக்காரர்களுக்கு வேறொரு மரம் உண்டு: லேலண்ட் சைப்ரஸ். 1888இல் வேல்ஸின் லெய்ட்டன் ஹால் தோட்டத்தில் இரண்டு அமெரிக்க சைப்ரஸ் மரங்கள் தற்செயலாகக் கலந்து பிறந்தது. பெற்றோரில் ஒன்றான கலிஃபோர்னியாவின் மான்டரே சைப்ரஸ், பிரிட்டிஷார் காலத்தில் நீலகிரிக்கும் வந்தது. லேலண்ட் ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை எகிறும். கத்தரிக்க மறந்தால் பக்கத்து வீட்டுச் சன்னலை மறைத்துவிடும். காய்ந்த பழுப்புக் கிளை வரை வெட்டினாலோ அங்கே மறுபடி துளிர்க்காது. வெயில் மறைந்த அண்டை வீட்டாரின் சண்டை முற்றி, 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த பசுமைமாறா வேலிகளைப் பற்றி உள்ளாட்சியிடம் முறையிடும் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுக்குத் தந்தது. யூ மரத்தையோ அடிமரம் வரை வெட்டினாலும் பழைய கட்டையிலிருந்தே தளிர்க்கும். முந்நூறு ஆண்டு வேலி நிற்பது இந்தக் குணத்தால்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாம் கொடிய நஞ்சு. பறவைகள் சதையைச் செரித்து விதையை முழுதாக எச்சமிட்டுப் பரப்புகின்றன. கத்தரித்த தழையைத் தின்ற மாடும் குதிரையும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்திருக்கின்றன. காய்ந்தாலும் நஞ்சு போகாது. கால்நடை, குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு இந்த வேலி ஆகாது.

இதே குடும்பத்தில்தான் புற்றுநோய் மருந்தும் கிடைத்தது. 1962இல் அமெரிக்காவின் பசிபிக் யூ மரத்துப் பட்டையைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்த டாக்சால் என்னும் மருந்துப் பொருளின் மூலக்கூறு அமைப்பை மன்ரோ வால், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி ஆகியோரின் குழு 1971இல் வெளியிட்டது. 1992இல் அதைச் சினைப்பைப் புற்றுக்கு மருந்தாகத் தர அனுமதி கிடைத்தது. ஆனால் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்கே பல மரங்களின் பட்டை வேண்டியிருந்தது. பிரான்சில் பியர் போத்தியேவின் குழு ஐரோப்பிய யூ இலையில் மருந்துக்கான மூலப்பொருளைக் கண்டது. இலை மறுபடி வளரும். சைரன்செஸ்டர் வேலியின் கத்தரிப்புத் தழையும் மருந்து நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது.

நம் இமயமலையிலும் யூ உண்டு. மருந்துக்காகவும் விறகுக்காகவும் அதை உரித்தும் வெட்டியும் குறைத்துவிட்டோம். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. வேலித் தழையிலிருந்தும், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்தும் மருந்து கிடைக்கும் இந்நாளில், முளைக்கவே இரண்டாண்டு எடுத்துக்கொள்ளும் அந்தக் காட்டு மரத்தின் மேல் இனி ஒரு கத்தியும் படக்கூடாது.