பேரடைஸ் லாஸ்ட்: ஒரு இசைக்குப் பெயர் கொடுத்த பேண்ட், அதை விட்டு ஏன் போனது? எப்படித் திரும்பியது?

கனமான கிட்டார் கிட்டத்தட்ட காணோம். உறுமல் குரல் சுத்தமாக இல்லை. அதற்குப் பதிலாக கீபோர்டு, எலெக்ட்ரானிக் தாளம், மென்மையான பாட்டு. இங்கிலாந்தின் பேரடைஸ் லாஸ்ட் குழு 1999-ல் வெளியிட்ட 'ஹோஸ்ட்' ஆல்பம் இப்படித்தான் இருந்தது. அதுவரை அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய மெட்டல் ரசிகர்களில் பலர் செம கடுப்பானார்கள். பாப் பக்கம் தாவிவிட்டார்கள் என்று திட்டினார்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. 'கோதிக் மெட்டல்' என்று இன்று உலகம் முழுக்க அழைக்கப்படும் இசை வகைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் இந்தக் குழுவுக்குத்தான் பெரிய பங்கு. தாங்கள் கட்டிய வீட்டை விட்டுத் தாங்களே வெளியேறினால் எப்படி?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 செப்டம்பரில் இதே குழுவின் 17-வது ஸ்டூடியோ ஆல்பம் 'அசென்ஷன்' வெளியானது. கனமும் உறுமலும் திரும்பி வந்துவிட்டன. அதற்காக 'ஹோஸ்ட்' ஆல்பத்தை அவர்கள் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. அந்தப் பயணம் எப்படி நடந்தது? இந்த இசை எப்படித்தான் ஒலிக்கும்? பார்க்கலாம்.

முதலில், கோதிக் மெட்டல் என்றால் என்ன?

இவானெசன்ஸின் 'பிரிங் மீ டு லைஃப்' பாடலைக் கேட்டிருப்பீர்கள். சோகமும் பாரமான கிட்டாரும் கலந்த அந்த மனநிலை ஞாபகம் இருந்தால் போதும், பாதி தூரம் வந்துவிட்டீர்கள். கோதிக் மெட்டல் என்பது மூன்று ஓடைகள் சேர்ந்த ஆறு.

ஒன்று, டூம் மெட்டல். பர்மிங்ஹாமின் பிளாக் சபாத் குழு 1970-ல் தொடங்கி வைத்த வழி. வேகம் குறைவு, பாரம் அதிகம். கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி சுருதியைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஒவ்வொரு அடியும் ஈரத்துணி போலக் கனமாக விழும்.

இரண்டு, டெத் மெட்டல். அதிலிருந்து வந்ததுதான் உறுமல் குரல். முதல்முறை கேட்பவர்களுக்கு 'என்னப்பா, யாரோ கத்துறாங்க' என்று தோன்றும். உண்மையில் அது வெறும் கத்தல் இல்லை. மூச்சைக் கட்டுப்படுத்தி, குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிரவைக்கும் ஒரு பயிற்சி. தெரியாமல் செய்தால் தொண்டை போய்விடும்.

மூன்று, கோதிக் ராக். 1980-களில் பிரிட்டனில் வளர்ந்தது. ஆழமான ஆண் குரல், முன்னால் நிற்கும் பேஸ் கிட்டார், இருட்டும் தனிமையும் கலந்த வரிகள். இதில் முக்கியமான சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு உருவானது லீட்ஸ் நகரில். பேரடைஸ் லாஸ்ட் பிறந்த ஹாலிஃபேக்ஸிலிருந்து அங்கே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மில் மூடிய ஊரிலிருந்து ஐந்து பேர்

வட இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கிறது ஹாலிஃபேக்ஸ். கம்பளித் துணிக்கும் கார்ப்பெட்டுக்கும் பேர்போன ஊர். ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய கார்ப்பெட் ஆலைகளில் ஒன்றாக இருந்த டீன் கிளஃப் இங்கேதான் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

அந்த ஊரில் 1988-ல் ஐந்து பேர் சேர்ந்தார்கள். பாட நிக் ஹோம்ஸ், லீட் கிட்டாருக்கு கிரெகர் மெக்கின்டாஷ், ரிதம் கிட்டாருக்கு ஆரோன் ஏடி, பேஸுக்கு ஸ்டீவ் எட்மண்ட்சன், டிரம்ஸுக்கு மேத்யூ ஆர்ச்சர். ஹோம்ஸும் மெக்கின்டாஷும் அப்போது இருபதைக்கூடத் தொடவில்லை. குழுவுக்கு வைத்த பெயர், ஜான் மில்டன் 1667-ல் வெளியிட்ட காவியத்தின் தலைப்பு. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான்: இழந்த சொர்க்கம்.

1990-ல் முதல் ஆல்பம் 'லாஸ்ட் பேரடைஸ்', பீஸ்வில் என்ற சின்ன யார்க்‌ஷயர் நிறுவனம் வழியாக வந்தது. மெதுவான, முரட்டுத்தனமான டெத் மெட்டல். நல்ல தொடக்கம், அவ்வளவுதான். புரட்சி எல்லாம் இல்லை.

அது நடந்தது அடுத்த வருடம்.

1991: பெயர் ஒட்டிக்கொண்ட ஆல்பம்

இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பே 'கோதிக்'. உறுமல் குரல் அப்படியே இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு பெண் குரல் வந்து நின்றது. சிம்பொனி பாணி இசை பின்னால் எழுந்தது. சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் போன்ற குழுக்கள் இதில் சிலவற்றை முன்பே தொட்டுப் பார்த்திருந்தன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மனநிலையில் கோத்து, அதற்கு ஒரு பெயரையும் அட்டையில் எழுதியது 'கோதிக்'தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மெக்கின்டாஷின் லீட் கிட்டார். வழக்கமாக மெட்டலில் லீட் கிட்டார் நடுவில் ஒரு சோலோ வாசித்து, வேகத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இவர் அப்படிச் செய்யவில்லை. கீழே ஏடியின் ரிதம் கிட்டார் பாறை மாதிரி நகர, மேலே ஒற்றை இழையாக ஒரு மெட்டு பாட்டு முழுக்க அழுதுகொண்டே போகும். தவில் சத்தத்துக்கு மேலே நாகஸ்வரம் தனியாக இழைவதைப் போல. பாடகர் உறுமிக்கொண்டிருக்கும்போது, உண்மையில் பாடுவது அந்தக் கிட்டார்தான். பேரடைஸ் லாஸ்டின் கையெழுத்து இதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிராட்ஃபோர்டின் மை டையிங் பிரைடு, லிவர்பூலின் அனதீமா ஆகியவையும் பீஸ்வில்லில் இருந்தன. மூன்றையும் சேர்த்து 'பீஸ்வில் மூவர்' என்று ரசிகர்கள் அழைப்பார்கள். அங்கிருந்து இந்த ஒலி ஐரோப்பா முழுக்கப் பரவியது. நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜெடி, உறுமும் ஆண் குரலையும் மென்மையான பெண் குரலையும் எதிரெதிரே நிறுத்துவதையே தன் பாணியாக்கியது. இத்தாலியின் லகூனா காயில், நெதர்லாந்தின் விதின் டெம்ப்டேஷன் எனப் பிறகு வந்த பல பெயர்கள் இந்தப் பாதையில் நடந்தவைதான்.

உச்சம், பிறகு திருப்பம்

சுவாரஸ்யம் என்னவென்றால், மற்றவர்கள் 'கோதிக்' ஆல்பத்தைப் பின்பற்றத் தொடங்கியபோது, பேரடைஸ் லாஸ்ட் அங்கே இல்லை. 1992-ல் 'ஷேட்ஸ் ஆஃப் காட்' வந்தபோதே உறுமல் குறைந்து, முரட்டுப் பாட்டாக மாறிவிட்டது. 1993-ல் 'ஐகான்', 1995-ல் 'டிராகோனியன் டைம்ஸ்'. பாட்டுகள் சுருங்கின, கோரஸ்கள் பெரிதாகின. ஹோம்ஸின் குரல் மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டை நினைவுபடுத்துவதாகப் பலரும் சொன்னார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் குழு பெரிய மேடைகளை எட்டியது.

இன்னொருவராக இருந்தால் 'டிராகோனியன் டைம்ஸ்' மாதிரியே இன்னும் நான்கு ஆல்பம் போட்டிருப்பார். ஓடுகிற ஃபார்முலாவை யார் மாற்றுவார்?

இவர்கள் மாற்றினார்கள். 1997-ல் 'ஒன் செகண்ட்'. கீபோர்டு முன்னுக்கு வந்தது, ஹோம்ஸ் தெளிவாகப் பாடினார். நீண்ட முடியை வெட்டிக்கொண்டார். முடி வெட்டியது எல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். மெட்டல் உலகில் அப்போது அது விஷயம்தான்.

அடுத்தது 1999-ல் 'ஹோஸ்ட்'. சின்ன நிறுவனங்களிலிருந்து இ.எம்.ஐ. என்ற பெரிய நிறுவனத்துக்கு மாறியிருந்தார்கள். தயாரித்தவர் ஸ்டீவ் லயன், டெபெஷ் மோட் ஆல்பங்களில் பணியாற்றியவர். விளைவு, டெபெஷ் மோட் வழியில் நடக்கும் ஒரு எலெக்ட்ரானிக் ஆல்பம். பழைய ரசிகர்கள் விலகினார்கள். 2001-ல் வந்த 'பிலீவ் இன் நத்திங்' மீது குழுவினருக்கே பெரிய திருப்தி இல்லை. இ.எம்.ஐ. உறவும் முடிந்தது.

ஆனால் 'ஹோஸ்ட்' ஆல்பத்தை இப்போது ஹெட்போனில் நிதானமாகக் கேளுங்கள். கிட்டாரின் பாரம் போயிருக்கிறது, அந்த அழுகை போகவில்லை. மெக்கின்டாஷ் கிட்டாரில் இழைத்த அதே வகைச் சோக மெட்டுகள் கீபோர்டுக்கு இடம் மாறியிருக்கின்றன. கருவி மாறியது, கை மாறவில்லை. அன்று கோபத்தில் பலருக்கு இது காதில் விழவில்லை.

திரும்பிய வழி

ஒரே நாளில் 'யு டர்ன்' அடித்துத் திரும்பவில்லை. 2002-ல் 'சிம்பல் ஆஃப் லைஃப்' ஆல்பத்தில் கிட்டார் மெல்ல எட்டிப் பார்த்தது. 2007-ல் 'இன் ரிக்வியம்' இன்னும் கனத்தது. படிப்படியாகப் பாரம் கூடியது. ஆனால் உறுமல் மட்டும் வரவில்லை.

அதற்கு முன் இரண்டு விஷயங்கள் நடந்தன. 2009-ல் மெக்கின்டாஷின் தந்தை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து வாலன்ஃபயர் என்ற தனிக் குழுவைத் தொடங்கினார் மெக்கின்டாஷ். இளம் வயதில் கேட்ட முரட்டு டெத் மெட்டலுக்குத் திரும்பி, அதில் அவரே பாடவும் செய்தார். 2014-ல் ஹோம்ஸ், சுவீடனின் பிளட்பாத் குழுவில் பாடகராகச் சேர்ந்து மறுபடியும் உறுமத் தொடங்கினார்.

இரண்டும் பேரடைஸ் லாஸ்டுக்கு வெளியே நடந்த வேலைகள். 2015-ல் 'தி பிளேக் விதின்' வந்தபோது இரண்டும் உள்ளே வந்து சேர்ந்தன. உறுமலும் தெளிவான பாட்டும் ஒரே ஆல்பத்தில். 2017-ல் 'மெடூசா' இன்னும் மெதுவாக, இன்னும் இருட்டாக. 2020-ல் 'அப்சிடியன்' ஆல்பத்திலோ 1980-களின் கோதிக் ராக் நடனத் தாளமும் சேர்ந்தே ஒலித்தது.

சரி, அப்படியானால் 'ஹோஸ்ட்' தப்பான முடிவா? பதில் 2023-ல் கிடைத்தது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. ஹோம்ஸும் மெக்கின்டாஷும் 'ஹோஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு எலெக்ட்ரானிக் குழு தொடங்கி முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். மறுபக்கம் பேரடைஸ் லாஸ்ட், 'ஐகான்' ஆல்பத்தை 30 வருடம் கழித்து முழுவதும் மறுபதிவு செய்தது. ரசிகர்கள் திட்டியதையும் கொண்டாடியதையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். இதற்குமேல் பேட்டி எதற்கு?

ஏன் உடையவில்லை?

இத்தனை மாற்றத்தில் எந்தக் குழுவும் சிதறிப்போகும். இங்கே டிரம்ஸ் நாற்காலியில் மட்டும்தான் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஹோம்ஸ், மெக்கின்டாஷ், ஏடி, எட்மண்ட்சன் ஆகிய நால்வரும் 1988-லிருந்து இன்றுவரை அப்படியே. இசை பெரும்பாலும் மெக்கின்டாஷ், வரிகள் ஹோம்ஸ் என்ற பிரிவும் மாறவில்லை. வெளியே போய் வேறு வேலை பார்க்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது. அங்கே கற்றதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் வந்தார்கள்.

ஒரு வேலையில் நன்றாகப் பெயர் எடுத்தவருக்கு அந்தப் பெயரே விலங்காகும் அபாயம் உண்டு. அதை உடைக்க விலை கொடுக்க வேண்டும், இவர்களும் கொடுத்தார்கள். ஆனால் 'ஹோஸ்ட்' வழியாகப் போகாமல் இருந்திருந்தால், 2015-ல் திரும்பிவந்த உறுமல் வெறும் பழக்கதோஷமாக இருந்திருக்கும். போய்வந்ததால் அது ஒரு தேர்வாக ஆனது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

உறுமல் பழக்கமில்லை என்றால் நேராக 'கோதிக்' பக்கம் போக வேண்டாம். 'ஒன் செகண்ட்' ஆல்பத்தின் 'சே ஜஸ்ட் வேர்ட்ஸ்' பாடலில் தொடங்குங்கள். அடுத்து 'ஐகான்' ஆல்பத்தின் 'எம்பர்ஸ் ஃபயர்', 'ட்ரூ பிலீஃப்'. பிறகு 'டிராகோனியன் டைம்ஸ்' முழுவதும். காது பழகியதும் 'தி பிளேக் விதின்' ஆல்பத்தின் 'பெனீத் ப்ரோக்கன் எர்த்', கடைசியாக 1991-ன் 'கோதிக்'.

பாரமாக, ஒலி நெளிசலாக இருப்பதுபோல் தோன்றினால் குரலை விட்டுவிடுங்கள். மேலே தனியாக இழையும் அந்த ஒற்றைக் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பாட்டு தானாகத் திறக்கும்.