முதுமையும் கடுந்தொற்றும்

காய்ச்சல் இல்லையாயின் நோயும் இல்லை என்பது நம்மவரிடையே வேரூன்றிய ஓர் எண்ணம். நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையெனக் கண்டதும் ஆறுதலடைகின்றோம். இளைஞரிடத்து இவ்வாறுதல் ஓரளவு தகும். எழுபதைக் கடந்தவரிடத்தோ அது பேராபத்தாய் முடிதல் கூடும்.

கிருமி உடலிற் புகுந்ததும் வெண்குருதிக் கலங்கள் சில இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை மூளைக்குச் செய்தி கொண்டு செல்ல, ஆங்கு வெப்பநிலையை ஆளும் பகுதி உடற்சூட்டை உயர்த்துகின்றது. இதுவே காய்ச்சல். முதியோரிடம் அச்செய்தியும் தளர்கின்றது. அதற்கு விடையிறுக்கும் ஆற்றலும் தளர்கின்றது. அவர்தம் இயல்பான உடற்சூடே இளைஞரினுஞ் சற்றுக் குறைவு. ஆதலாற் கடுந்தொற்றுக்கு ஆளாகிய முதியோருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரையிற் காய்ச்சல் மிகக் குறைவாகவே தோன்றும். அன்றித் தோன்றாமலும் விடும். வழமையான அளவிலும் 2 பாகை பரனைற்று உயர்ந்தாலே முதியோரிடத்து அதனைக் காய்ச்சலெனக் கொள்ளல் வேண்டும் என்பர் வைத்தியர்.

அவ்வாறாயின் நோய் எவ்வாறு வெளிப்படும்? நேற்றுவரை பத்திரிகை படித்து அரசியல் பேசிய பெரியவர் இன்று பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைக்கின்றார், உணவு வேண்டாமென்கின்றார், மலசலகூடத்துக்குப் போகும் வழியில் விழுகின்றார். 'வயது போய்விட்டது' என்று வீட்டார் அமைந்து விடுகின்றனர். வயது ஒரே இரவில் இவ்வாறு போவதில்லை. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ பரவுந் தொற்றின் முதற்குறி அதுவாகவே இருக்கலாம்.

நம்மிற் பலர் கல்லூரியிற் கற்ற தேவாரத்தை இன்றும் பிழையின்றிச் சொல்வர். சென்ற கிழமை அறிமுகமானவரின் பெயரை மறந்துவிடுவர். உடலின் நிர்ப்பீடனமும் இத்தகையதே. நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமசுச் சுரப்பி, புதிய பகைவரை இனங்காணுங் கலங்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி எனலாம். பூப்புப் பருவந்தொட்டு அது சுருங்கிக் கொழுப்பாகின்றது. ஆயினும் இளமையிற் கற்ற பாடம் எளிதில் அழிவதில்லை. 1915ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்த 32 பேரின் குருதியை ஆராய்ந்தோர், 1918ஆம் ஆண்டின் கொள்ளை இன்புளுவென்சாவுக்கான பிறபொருளெதிரிகள் அனைவரிடத்தும் எஞ்சியிருத்தலைக் கண்டு 2008ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனா வைரசோ எவருங் கல்லாத பாடம். முதியோரே அதற்குப் பெரிதும் இரையாயினர்.

காவற்படை தளர்வதோடு கேடு முடிந்தால் அதனை விளக்குதல் எளிது. விந்தை யாதெனில், முதிய உடலில் நீறுபூத்த நெருப்புப்போல ஓர் அழற்சி எப்போதும் புகைந்து கொண்டேயிருக்கின்றது. தொற்று வந்தால் எதிர்ப்புத் தொடங்கத் தாமதமாகும். தொடங்கியபின் அடங்கவுந் தாமதமாகும். நடுநிலைநாடிகள் எனப்படும் வெண்கலங்கள் இலக்கை நேரே அடையாது அலைந்து, தம் வழியிலுள்ள இழையங்களையே நொதியங்களாற் சிதைக்கின்றன. இவ்வாறு உடலின் எதிர்ப்பே நெறிதவறி உறுப்புகளைக் கெடுக்கும் நிலையைச் செப்சிசு என்பர். உலகில் 2017ஆம் ஆண்டில் இதனோடு தொடர்புற்று இறந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் என்று கணித்துள்ளனர். சேமிப்பாற்றல் ஏலவே குறைந்த சிறுநீரகமும் இருதயமும் இத்தாக்குதலை நெடுநேரந் தாங்கமாட்டா.

கனடாவிற் பிறந்த புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் வில்லியம் ஒசுலர், 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் நியூமோனியாவை முதுமையின் பகையெனக் கொண்டார். பின்வந்த பதிப்பில் அதனையே முதியோரின் நண்பனாக்கினார். நெடுந்துன்பமின்றி உயிரைப் பிரிக்கின்றது என்பது அவர் கருத்து. அவரே 1919ஆம் ஆண்டு டிசெம்பரில், 70ஆம் வயதில், நியூமோனியாவைத் தொடர்ந்து இறந்தார். நமக்கு அவரது முதற் கருத்தே ஏற்புடைத்து. அவர் காலத்திற் பெனிசிலின் இல்லை. இன்று மருந்துண்டு, அது தொடங்கும் நேரமோ வீட்டிலுள்ளார் மாற்றத்தைக் கவனிக்கும் நேரத்தைப் பொறுத்தது. பெரியோர் நற்சுகத்தோடிருக்கும் நாளில் அவர்தம் உடற்சூட்டை அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், பின்னொருநாள் வைத்தியர் ஒப்புநோக்க அது உதவும்.