கடப்பாக்கத்தில் கம்மட்டமா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்டித் தெற்கே சென்றால் கடப்பாக்கம் வரும். அங்கிருந்து கடற்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்களைக் காணலாம். கர்நாடக நவாபுகளின் காலத்தில் அவ்விடத்தில் துறைமுகம் இருந்தது. நாணயம் அடிக்கும் கம்மட்டமும் இருந்தது. தாங்களும் ரூபாய் அடிக்க வேண்டுமென்று ஆசைப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள், பெரும் பொருள் செலவிட்டு, 1736-ம் வருஷத்தில் நவாபு தோஸ்த் அலியிடமிருந்து அவ்வுரிமையைப் பெற்றார்கள். பின்னர் கோட்டையும் அவர்கள் கைக்கு மாறியது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். மிஞ்சி நின்ற சுவர்களையும் 2004-ம் வருஷத்து ஆழிப்பேரலை சிதைத்துவிட்டது.

இந்தப் பழைய சரித்திரத்தை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நமது வாலிபர்கள் சிலரிடையே ஒரு புதிய ஆசை பரவியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களை மலிவாக வாங்கி, பழைய கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்தி, இராப்பகலாக ஓடவிட்டால், பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்கள் வீட்டிலேயே விளையும் என்பதே அந்த ஆசை. இதற்கு மைனிங் என்று பெயர். நவாபுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மட்டுமே கிட்டிய கம்மட்டம் இன்று தம் வீட்டுத் திண்ணையறையில் அமையப்போவதாக இவர்கள் எண்ணுகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தையும், சில சமயங்களில் வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து வாங்கிய பணத்தையும் இதில் போடுமுன், கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது அவசியம்.

முதலில் யந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. கம்பெனிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை தங்கள் யந்திரங்களை மாற்றுகின்றன. விண்டோஸ் 10-க்குத் தரப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்ததனாலும், புதிய விண்டோஸ் பழைய பிராசஸர்களை ஏற்காததனாலும், ஏராளமான யந்திரங்கள் அகாலத்தில் கழிக்கப்பட்டன. டெல் பிரிசிஷன், எச்.பி. இசட் வரிசை போன்றவை இவ்வழியில் சென்னை ரிச்சி தெருவுக்கும் மற்ற ஊர்ச் சந்தைகளுக்கும் வருகின்றன. கெட்டியான இரும்புப் பெட்டி, நல்ல பவர் சப்ளை, பிழை திருத்தும் மெமரி, ஜியான் பிராசஸர் ஆகிய இவை யாவும் நீடித்து உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. புதிதாக இருந்தபோது லட்சக்கணக்கில் விற்ற பண்டம் சில ஆயிரங்களுக்குக் கிடைத்தால் வாங்குவோருக்கு மகிழ்ச்சி உண்டாவது இயற்கையே.

ஆனால் கிராபிக்ஸ் கார்டு மலிவானதற்குக் காரணம் வேறு. 2022 செப்டம்பர் 15-ம் தேதிவரை, ஈதர் என்னும் நாணயத்தை இக்கார்டுகளைக் கொண்டே உலகெங்கும் எடுத்து வந்தார்கள். அன்று ஈதீரியம் அமைப்பு மைனிங் முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறிவிட்டது. அதன் மின்சாரச் செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஒரே நாளில் குறைந்தது. அது உலகத்துக்கு நன்மையே. ஆயினும் கார்டுகளை வாங்கிக் குவித்தவர்களுக்குத் தொழில் போயிற்று. அவர்கள் அவற்றைச் சந்தையில் தள்ளினார்கள். மூடிய ஆலையின் தறியை ஏலத்தில் எடுக்கிறவன், ஆலை ஏன் மூடிற்று என்று விசாரிக்க வேண்டாமா?

இனி மைனிங் என்பது யாது என்று பார்ப்போம். பூமியைத் தோண்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2008-ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ வெளியிட்ட திட்டப்படி, 2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்குப் புத்தகத்தை எந்த ஒரு பாங்கும் வைத்துக்கொள்வதில்லை. உலகெங்குமுள்ள கம்ப்யூட்டர்கள் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அப்புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்கு எல்லா யந்திரங்களும் போட்டியிடுகின்றன. போட்டியில் அறிவுக்கு வேலையில்லை. ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேடுவதே போட்டி. முதலில் கண்டவருக்குப் பரிசு. அப்பரிசு தொடக்கத்தில் 50 நாணயம். ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தத்தில் 2 கோடியே 10 லட்சத்துக்குமேல் நாணயம் உண்டாகாது.

இத்திட்டத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. வாலிபர்கள் பெரும்பாலும் கவனியாமல் விடுவதும் அதையே. போட்டியிடும் யந்திரங்கள் அதிகமானால் நாணயம் அதிகமாவதில்லை. ஒவ்வொரு 2,016 பக்கங்களுக்கும், அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கின் கடினம் தானாகவே திருத்தப்படுகிறது. யந்திரங்கள் இரட்டித்தால் கடினமும் இரட்டிக்கும். நாளொன்றுக்கு உண்டாகும் நாணயம் முன்போலவே சுமார் 450-தான். கழனியில் பத்து ஏர் பூட்டினால் விளைச்சல் பெருகும். கடலில் பத்துப் படகு போனால் ஊருக்கு மீனாவது அதிகம் வரும். இங்கேயோ பத்து லட்சம் யந்திரம் ஓடினாலும் அதே 450 நாணயம். அதிகமாவது மின்சாரச் செலவு ஒன்றே.

இப்போது கணக்கிடுவோம். கடப்பாக்கத்திலுள்ள ஒரு வாலிபர் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றில் இரண்டு கார்டுகளைப் பொருத்திப் பிட்காயின் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாக மதிப்பிட்டால், அவருடைய யந்திரம் விநாடிக்கு 200 கோடி முறை தேடும். இது பெரிய தொகையாகவே காதில் விழும். ஆனால் இதற்கென்றே செய்யப்பட்ட ஏசிக் யந்திரங்கள் 2013 முதல் விற்பனைக்கு வந்துவிட்டன. சமீப காலத்து ஏசிக் ஒன்று விநாடிக்கு 200 லட்சம் கோடி முறை தேடுகிறது. நமது வாலிபரின் யந்திரத்தைவிட ஒரு லட்சம் மடங்கு. அது இழுக்கும் மின்சாரமோ 3,500 வாட். ஒன்பது மடங்குக்கும் குறைவு. உலகத்திலுள்ள அத்தகைய யந்திரங்கள் அனைத்தின் வேகமும் சேர்ந்து 2025-ல் விநாடிக்கு ஒரு கோடி கோடி கோடி என்ற அளவைத் தாண்டிற்று. ஒரு பிட்காயினின் விலை ஒரு கோடி ரூபாய் என்றே வைத்துக் கணக்கிட்டாலும், நமது வாலிபருக்கு வரவேண்டிய பங்கு நாளொன்றுக்கு ஒரு பைசாவுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்குச் சுமார் 54 பைசா!

செலவைப் பாருங்கள். அந்த யந்திரம் 400 வாட் இழுத்தால் நாளொன்றுக்கு 9.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 576 யூனிட். நூறு யூனிட் இலவசமாயிற்றே என்று சொல்லலாம். அந்த நூறு யூனிட்டை வீட்டு விளக்கும் விசிறியும் முன்பே தீர்த்துவிடுகின்றன. யந்திரத்தின் செலவு மேல்படியில் ஏறுகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணப்படி, 500 யூனிட்டுக்கு மேல் யூனிட்டு விலை 8 ரூபாயைத் தாண்டியது. 1,000-க்கு மேல் 11 ரூபாயைத் தாண்டியது. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழித்து வந்த குடும்பத்துக்கு, இந்த ஒரு யந்திரத்தினால் கூடும் கட்டணம் ஏறக்குறைய 5,000 ரூபாய். வரவு 54 பைசா. செலவு 5,000 ரூபாய்!

பிட்காயின் வேண்டாம், சாதாரணப் பிராசஸரிலேயே எடுக்கக்கூடிய மொனீரோ போன்ற நாணயங்கள் உண்டே என்று சிலர் கூறுவர். உண்மைதான். 2019 நவம்பரில் மொனீரோ ஏற்றுக்கொண்ட முறை, ஏசிக் யந்திரங்களுக்கு இடம் கொடாமல் பிராசஸருக்கே சலுகை காட்டுகிறது. ஜியான் யந்திரத்தில் பைசாவுக்குப் பதிலாகச் சில ரூபாய்கள் கிடைக்கலாம். ஆனால் முற்கூறிய விதி அங்கேயும் உண்டு. பழைய பிராசஸர் குடிக்கும் மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியைத்தான் அது திருப்பித் தரும். மீதி கைநஷ்டமே.

இன்று நஷ்டமானாலும் நாளை விலை ஏறும் என்பது அடுத்த வாதம். விலை ஏறுமா, இறங்குமா என்று சொல்ல நாம் ஜோசியர்கள் அல்ல. ஆனால் ஒன்று நிச்சயம். ஏறும் என்று மெய்யாகவே நம்புகிறவர், மின்சாரத்துக்குக் கட்டும் ஐயாயிரத்தைக் கொண்டு நேராகவே அந்நாணயத்தை வாங்கினால், யந்திரம் தேடித் தருவதைப்போல் பல்லாயிரம் மடங்கு அவர் கையில் இருக்கும். வாங்கும்படி நாம் புத்தி சொல்லவில்லை. அவர்களுடைய வாதம் அவர்களுக்கே உதவவில்லை என்பதைக் காட்டுகிறோம், அவ்வளவே.

வரியையும் மறக்கலாகாது. 2022 ஏப்ரல் முதல் இவ்வகைச் சொத்தின் லாபத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி விதிக்கப்பட்டது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க வழியில்லை. இதைவிட விசேஷம், மைனிங் யந்திரத்துக்கும் அதன் ஏற்பாடுகளுக்கும் ஆன செலவை நாணயத்தின் அடக்கவிலையாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2022 மார்ச்சில் நிதி இலாகா பாராளுமன்றத்தில் தெரிவித்தது. ஆகவே, மொத்தத்தில் நஷ்டப்பட்டவரும் விற்ற தொகைக்கு வரி கட்ட நேரிடலாம்.

இனி, சிலர் மனத்தில் ஓர் எண்ணம் ஓடும். மின்சாரம்தானே தடை, மின்சாரம் சும்மா கிடைத்தால்? விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கம்பி இழுத்தால்? இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அனுமதித்த காரியத்துக்கு அன்றி வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி குற்றத்துக்கும் அபராதத்துக்கும் இடமானது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பம்புசெட்டுக்குக் கொடுத்த மின்சாரம் நெல்லுக்கும் கடலைக்கும் தண்ணீர் இறைப்பதற்காக ஊரார் தந்த பணம். அதை எடுத்துக் குருட்டு எண் தேடுவது அண்டைவீட்டார் வாய்க்காலை அடைப்பதற்குச் சமானம்.

இது வீண் பயமன்று. ஈரானில் சர்க்கார் மின்சாரத்தை மிக மலிவாகக் கொடுத்து வந்தது. 2019-ல் மைனிங்கை ஒரு தொழிலாக அங்கீகரித்து அனுமதியும் வழங்கியது. அனுமதி பெற்றும் பெறாமலும் யந்திரங்கள் பெருகின. 2021 மே மாதத்தில் நகரங்கள் இருளில் மூழ்கவே, கோடைகாலம் முடியும்வரை மைனிங்கை அந்தச் சர்க்காரே தடுக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் சீனா இத்தொழிலை அடியோடு தடை செய்தது. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 2022 ஜனவரியில் கொசோவோவும் அவ்வாறே செய்தது. நமது ராஜ்யத்தில் 2008-க்குப் பின் சில வருஷங்கள் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டில் கழிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சிறு பட்டறைகள் அப்போது பட்ட பாட்டை நினைத்தால், ஒரு யூனிட்டையும் இப்படிக் கொளுத்த மனம் வராது.

அப்படியானால் அந்த யந்திரத்தை வாங்கவே கூடாதா? வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கட்டும். உப்புக் காற்று விசிறியையும் கார்டின் முனைகளையும் துருப்பிடிக்கச் செய்யும். வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இப்பெட்டிகளில் பவர் சப்ளையும் போர்டும் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அமைப்பில் இருப்பதால், பழுதானால் வேறொன்றைப் பொருத்த முடிகிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு லினக்ஸ் நிறுவி, புரோகிராம் எழுதவும், கட்டட வரைபடம் போடவும், படம் தொகுக்கவும், பழந்தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கவும் பயன்படுத்தினால், அதே ஜியான் பிராசஸர் உண்மையில் ஊதியம் ஈட்டும். ஊர் நூல்நிலையத்தில் அத்தகைய யந்திரம் இரண்டு இருந்தால், பத்துப் பிள்ளைகள் தொழில் கற்பார்கள். வேலை உள்ள நேரத்தில் மட்டும் அது மின்சாரம் குடிக்கும். குடித்ததற்குப் பயனும் தரும்.

மைனிங் எப்படி நடக்கிறதென்று கற்றுக்கொள்ளும் ஆவல் உள்ளவர்களும் இருப்பார்கள். அவர்கள் ஒரே ஒரு நாள் ஓடவிட்டு, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். பக்கத்தில் வரவையும் எழுதட்டும். அந்த ஒரு தாள் நாம் எழுதிய இத்தனை வரிகளையும்விடத் தெளிவாகப் பேசும்.

ஆலம்பரையில் கம்மட்டம் நடந்த காலத்தில், அங்கே சுத்தியல் பிடித்த தொழிலாளிகள் பலர் இருந்திருப்பார்கள். சுத்தியல் எவருக்கும் கிடைக்கக்கூடிய மலிவான பொருளே. லாபம் சுத்தியலில் இல்லை. நாணயம் அடிக்கும் உரிமையிலும் வெள்ளியிலும் இருந்தது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் உரிமைக்காக நவாபிடம் காத்துக் கிடந்தார்கள். இன்று ரிச்சி தெருவில் விற்பதும் சுத்தியலே. உரிமை, மலிவான மின்சாரத்தையும் ஏசிக் யந்திரங்களையும் மலைமலையாய் வைத்திருப்போர் கையில் இருக்கிறது. சுத்தியலை வாங்கும் வாலிபர் அதைக் கொண்டு வீடு கட்டட்டும். நாணயம் அடிக்க முயன்று வீட்டை இழக்க வேண்டாம்.