மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும்

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், நோய் தீர்ந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது. தீரவில்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் புதுச் சிறுநீரகத்தை என்றைக்கும் அந்நியமாகவே பார்க்கும். 1954-ல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றி பெற்ற மாற்று அறுவையில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர்கள். அதனால் மருந்தில்லாமல் முடிந்தது. மற்ற எல்லோருக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் அந்தச் சிறுநீரகம் இயங்கும் கடைசி நாள்வரை வேண்டும்.

செலவு இங்கேதான் தொடங்குகிறது. அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. உறவினரும் ஊராரும் உதவுகிறார்கள். மாதாமாதம் மாத்திரை வாங்க யாரும் வசூல் செய்து தருவதில்லை. வெளிக்கடையில் வாங்கினால், முதல் ஆண்டில் பரிசோதனைகளோடு சேர்த்து மாதம் 10,000 ரூபாயை எட்டக்கூடும். தேயிலை பறித்தும் கேரட் அறுத்தும் நாள் கூலி வாங்கும், நீலகிரி மலையின் எமரால்டு ஊர்க் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் அதற்குக் கோவைக்குப் போய்வர, மலைப்பாதையும் சேர்த்துச் சுமார் 200 கிலோமீட்டர். பேருந்துச் செலவு ஒருபுறம், நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி போவது மறுபுறம்.

இந்த நெருக்கடியில்தான் சிலர் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்குகிறார்கள். உடனே ஒன்றும் ஆகாது. வலி இருக்காது, சிறுநீரும் போகும். அதுதான் ஆபத்து. எதிர்ப்பு அணுக்கள் ஓசையின்றிச் சிறுநீரகத்தைத் தின்னும். கால் வீங்கி, மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எகிறியிருக்கும். பிறகு டயாலிசிஸ்தான். இரண்டாவது சிறுநீரகம் கிடைப்பது முதலாவதைவிடக் கடினம்.

டாக்ரோலிமஸ் அளவு பிசகக் கூடாத மருந்து. ரத்தத்தில் குறைந்தால் நிராகரிப்பு. கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதன் அளவைச் சரியவைக்கும், எரித்ரோமைசின் ஏற்றிவிடும். ஆகவே வேறு நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும், மாற்றுச் சிறுநீரகம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். விலை குறைந்த கம்பெனி மாத்திரைக்கு மாறுவதில் தவறில்லை. மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் 'லெவல்' பார்த்துத்தான் மாற வேண்டும்.

2019 ஆகஸ்டில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் மாத்திரை தீர்ந்திருந்தால் என்ன செய்வது? மழைக்காலத்தில் இரண்டு வார மருந்தாவது கூடுதலாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

மருந்துக்கு வழியில்லாவிட்டால் சிறுநீரகமே போகும் என்ற பாடத்தை அமெரிக்கா தாமதமாகக் கற்றது. அங்கே 65 வயதுக்கு உட்பட்ட பலருக்கு மாற்று அறுவை முடிந்து 36 மாதங்களில் அரசுக் காப்பீடு நின்றுவிடும். மருந்து வாங்க முடியாமல் சிறுநீரகத்தை இழந்தவர்கள், அதைவிடச் செலவு பிடிக்கும் டயாலிசிஸுக்கு அரசுப் பணத்திலேயே திரும்பினார்கள். 2020-ல் சட்டம் திருத்தி, 2023 ஜனவரி முதல் வேறு காப்பீடு இல்லாதவர்களுக்கு இந்த மருந்துகளுக்கான உதவியைக் காலவரம்பின்றி நீட்டித்தார்கள்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரையும் ஏற வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே லெவல் பரிசோதனையும் மாதாந்திர மருந்தும் தடையின்றிக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். பணம் இல்லையென்றால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மலிவான மாற்று வழி இருக்கலாம். சொல்லாமல் ஒரு வேளையைக்கூட நிறுத்தாதீர்கள்.