இதயத்துக்கு நல்லதா ஒயின்?

சிவப்பு ஒயின் மருந்து என்ற நம்பிக்கைக்கு 30 வயதுக்கு மேலாகிவிட்டது. அதைத் தாங்கி நின்ற ஆதாரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துவருகின்றன.

நாசிக் நகருக்கு வெளியே, கங்காபூர் அணையை ஒட்டிய திராட்சைத் தோட்டங்களுக்கு வார இறுதியில் மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் கார்கள் வந்து குவிகின்றன. அங்கே கோப்பையைக் கையில் வாங்குபவர்களில் விஸ்கியையோ ரம்மையோ தொட்டே பார்க்காதவர்களும் உண்டு. அவர்களுடைய கூச்சத்தைப் போக்க ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "இதயத்துக்கு நல்லதாம்."

இந்த வாக்கியம் உலகெங்கும் பரவத் தொடங்கிய நாள் 1991 நவம்பர் 17. அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஒரு புதிரை முன்வைத்தது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்கர்களைவிட மாரடைப்பு குறைவாக வருவது ஏன்? ஒயின்தான் காரணமாக இருக்கலாம் என்றார் பிரெஞ்சு விஞ்ஞானி செர்ஜ் ரெனோ. அமெரிக்கக் கடைகளில் சிவப்பு ஒயின் விற்பனை கிடுகிடுவென்று உயர்ந்தது. அடுத்த ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ரெனோவின் கட்டுரை இந்தக் கருத்துக்குக் கௌரவமும் சேர்த்தது.

கோப்பையில் இருப்பது என்ன?

150 மில்லி சிவப்பு ஒயினில் சுமார் 125 கலோரி இருக்கிறது. அதில் 100 கலோரி ஆல்கஹால் தருவது. புரதமோ கொழுப்போ இல்லை என்றே சொல்லலாம். வைட்டமின்கள் பெயரளவுக்குத்தான். கொஞ்சம் பொட்டாசியம் உண்டு; அதை ஒரு வாழைப்பழமே தந்துவிடும்.

ஒயினின் புகழுக்குக் காரணம் திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் 'பாலிபினால்' என்ற ரசாயனங்கள். சிவப்பு ஒயின் தோலோடு சேர்த்தே நொதிக்கவைக்கப்படுவதால் வெள்ளை ஒயினைவிட இதில் அவை அதிகம். இவற்றில் நட்சத்திர அந்தஸ்து பெற்றது 'ரெஸ்வெரட்ரால்'. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகள்கூட ரெஸ்வெரட்ரால் கொடுத்தபோது ஆரோக்கியமாக அதிக நாள் வாழ்ந்தன என்று 2006-ல் ஓர் ஆய்வு அறிவித்தது. ஆனால் எலிகளுக்குக் கொடுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் சுமார் 22 மில்லிகிராம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருப்பதோ சில மில்லிகிராம் மட்டுமே. அதே விகிதத்தில் 70 கிலோ மனிதர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும்!

பிறகு வந்ததெல்லாம் ஏமாற்றம். ரெஸ்வெரட்ராலை நம்பி 2008-ல் 72 கோடி டாலருக்கு 'சர்ட்ரிஸ்' கம்பெனியை வாங்கிய கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன், 2010-ல் அந்த மருந்தைக் கைவிட்டது. சிவப்பு ஒயினின் இதய நலன்களைப் பற்றி ஏராளமாக எழுதிய விஞ்ஞானி தீபக் தாஸின் ஆய்வுகளில் 145 இடங்களில் தகவல்கள் திரிக்கப்பட்டோ புனையப்பட்டோ இருந்ததாக, அவர் பணியாற்றிய கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2012-ல் அறிவித்தது. அவர் இதை மறுத்தார். இத்தாலியின் கியான்டி பகுதியில் முதியவர்கள் 783 பேரை 9 ஆண்டுகள் கவனித்து 2014-ல் வெளியான ஆய்வில், உடலில் சேர்ந்த ரெஸ்வெரட்ரால் அளவுக்கும் இதய நோய்க்கும் ஆயுளுக்கும் தொடர்பே தெரியவில்லை.

கணக்கு எங்கே தவறியது?

அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொன்னது உண்மைதான். ஆனால் 'குடிக்காதவர்கள்' பட்டியலில், நோய் வந்ததால் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். மேல்நாடுகளில் அளவாக ஒயின் அருந்துபவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். நல்ல உணவு, உடற்பயிற்சி, மருத்துவ வசதி எல்லாம் பெற்றவர்கள். பலன் எதிலிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

சீனாவில் ஒரு வழி கிடைத்தது. அங்கே பலருக்கு, குடித்தால் முகம் சிவந்து உடம்பு சங்கடப்படும் மரபணு பிறவியிலேயே இருக்கிறது. அதனால் அவர்கள் குறைவாகவே குடிக்கிறார்கள். வசதிக்கும் பழக்கத்துக்கும் அப்பாற்பட்ட இந்த வேறுபாட்டை வைத்து ஒப்பிட்டபோது, குடி கூடக்கூடப் பக்கவாத ஆபத்தும் கூடியது. அளவான குடி பக்கவாதத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. 2019-ல் 'லான்செட்' இதழே இதை வெளியிட்டது. இந்திய ஆண்களைப் பற்றி 2010-ல் வெளிவந்த ஆய்விலும், குடி இதயத்தைக் காப்பதற்கான அடையாளம் இல்லை.

புற்றுநோய் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. உடலில் ஆல்கஹால் 'அசிட்டால்டிஹைடு' ஆக மாறி மரபணுக்களைச் சேதப்படுத்துகிறது. வாய், தொண்டை, கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பல இடங்களில் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. ஒயினில் வந்தாலும் சாராயத்தில் வந்தாலும் ஆல்கஹால் ஒன்றுதான். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவு செய்தபோது, திராட்சை விவசாயிகளின் வருமானத்தைக் காரணம் காட்டியது. எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. விவசாயிகளின் கவலை நியாயமானதுதான். ஆனால் அது பொருளாதாரம், மருத்துவம் அல்ல.

ருசிக்காகக் குடிப்பவர் குறைவாகக் குடித்தால் ஆபத்தும் குறையும். சர்க்கரை நோய்க்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதயத்துக்காகக் குடிக்கத் தொடங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். அதே நாசிக்கில் கறுப்புத் திராட்சை பழமாகவும் கிடைக்கிறது. தோலோடு சாப்பிட்டால் ஒயினுக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப் பொருள்கள் அதிலேயே உண்டு.