பிறந்த வருஷத்தில் குழப்பம்: ராணுவத் தளபதியே கோர்ட்டுக்குப் போனார்!

ரிக்கார்டில் ஒரு எண் மாறினால் சிப்பாய்க்கு மட்டுமா தொல்லை? தலைமைத் தளபதிக்கும் அதே கதிதான்!

ஜெனரல் வி.கே.சிங் 1951-ம் ஆண்டு மே 10-ந் தேதி பிறந்தவர் என்கிறது பள்ளி சர்டிபிகேட். ஆனால் தேசிய ராணுவ அகாடமியில் சேரக் கொடுத்த விண்ணப்பத்தில் 1950 என்று இருந்தது. அவ்வளவுதான்! ராணுவத்தின் ஒரு பிரிவு 1951 என்றது. பதவி உயர்வைக் கவனிக்கும் பிரிவு 1950 என்றது. இரண்டு கணக்கும் பல வருஷம் அப்படியே ஓடின.

2012 ஜனவரியில் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950-ஐ ஏற்பதாக முன்பு எழுதிக் கொடுத்ததே அவருக்கு எதிராக நின்றது. பிப்ரவரி 10-ந் தேதி வழக்கை வாபஸ் வாங்கினார். மே 31-ந் தேதி ஓய்வு!

முன்னாள் ராணுவத்தினரே! டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்க. பிறந்த தேதி, மனைவி பெயர் எல்லாம் ஆதாரோடு ஒத்துப் போகுதா? இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்து, ரிக்கார்டு ஆபீசுக்கு மனுப் போடுங்க. நீங்கள் இருக்கும்போதே திருத்துங்க. விட்டால், குடும்பப் பென்ஷனுக்காக ஆபீஸ் ஆபீசாக அலையப் போவது உங்கள் வீட்டம்மாதான்!